மேலே யார், கீழே யார்? அணுமின் நிலைய ஷட்டவுன் பற்றி ஒரு கேள்வியும் பதிலும்

கேள்வி:

ஐயா, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். அனல்மின் நிலையங்களைப் பராமரிப்புக்காக நிறுத்தும் ஷட்டவுன்களில் நல்ல பழக்கம் உண்டு. இப்போது முதன்முறையாக வெளிமாநிலத்தில், கனமான ஹைட்ரஜன் கொண்ட நீரைப் பயன்படுத்தும் ஒரு கனநீர் அணுஉலையின் பராமரிப்பு ஷட்டவுனுக்கு, வால்வு வேலைக்காக, ஆறு பையன்களோடு வந்திருக்கிறேன். ஷிப்டில் பாதி நேரம் வேலை பெர்மிட்டுக்கும், உடை மாற்றி மாசு பார்க்கும் ரப்பர் ஸ்டேஷன் வரிசைக்குமே போய்விடுகிறது. உள்ளே போனால் சாரம் கட்டி முடிந்திருக்காது. முடிந்திருந்தால் வேறு குழு அங்கே ஏறி நிற்கும். போன வாரம் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவினர் திடீரென்று வந்து எல்லோரையும் வெளியேற்றினார்கள். என் பையன்கள் இருவருடைய ஓவர்ஆலில் கதிரியக்க மாசு இருந்தது. இத்தனைக்கும் நாங்கள் வால்வைத் திறக்கவே இல்லை! முதலாளி தினமும் போனில் சத்தம் போடுகிறார். மனைவியோ, ‘கதிர்வீச்சை உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது’ என்று அழுகிறாள். வேலையையும் முடித்து, பையன்களையும் பத்திரமாகத் திருப்பி அனுப்புவது எப்படி? அடுத்து கூடங்குளத்துக்கு அனுப்புவதாகப் பேச்சு. அங்கும் இதே கதைதானா?

– ஒரு மேற்பார்வையாளர், செங்கல்பட்டு மாவட்டம்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ‘நாங்கள் வால்வைத் திறக்கவே இல்லை.’ பெர்மிட் தாமதம், வரிசை, முதலாளி சத்தம் எல்லாம் பிறகு பேசலாம். திறக்காத வால்வின் அருகே நின்றவன் உடையில் மாசு எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால், மற்றதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

கதிர்வீச்சு வேறு, மாசு வேறு என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். குழாயிலிருந்து வரும் காமா கதிர் உங்களைக் கடந்து போய்விடும். இடத்தைவிட்டு விலகினால் அதோடு சரி. மாசு என்பது பொருள். தூசி, துளி, ஆவி. ஒட்டும், பறக்கும், ஷூவோடு நடந்து வரும். பல ஆண்டுகளாக, உலையின் வெப்பத்தைச் சுமந்து செல்லும் முதன்மைக் குளிர்விப்புச் சுற்றில் ஓடிய அரிமானத் துகள்கள்தான் இதில் பெரும்பங்கு. வால்வு இருக்கைகள் தேயாமல் இருக்கப் போடும் கடினமான உலோகக் கலவையில் கோபால்ட் உண்டு. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, நீரோடு உலைக்குள் போய், நியூட்ரான் பட்டு கோபால்ட்-60 ஆகி, வெளியே வந்து குழாய் வளைவுகளிலும் வால்வுக் குழிவுகளிலும் படியும். அரை ஆயுள் 5.27 ஆண்டுகள், அடுத்த ஷட்டவுன் வரை காத்திருந்தாலும் பெரிதாகக் குறையாது. வால்வு வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் கோபால்ட் கிளம்பும் இடத்துக்கும் வந்து தங்கும் இடத்துக்கும் நேராகவே வந்து நிற்கிறீர்கள்.

உலை ஓடும்போது இந்தத் துகள் குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வெளியே கசிந்தாலும் காற்று காவல் காக்கிறது. நம் நிலையங்களில் வெள்ளை, பச்சை, ஆம்பர், சிவப்பு என்று நான்கு மண்டலங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான மண்டலத்திலிருந்து அழுக்கான மண்டலத்தை நோக்கியே காற்று போக வேண்டும் என்ற கணக்கில்தான் விசிறிகளும் கதவுகளும் அமைந்திருக்கின்றன. ஷட்டவுன் வந்ததும் இந்தக் கணக்கு ஆட்டம் காண்கிறது. ஒரு விசிறியின் மோட்டாரைக் கழற்றிப் பராமரிப்புக்குக் கொண்டுபோயிருப்பார்கள். பெரிய சாமான் நுழைய வேண்டும் என்று, காற்று கலக்காமல் தடுக்கும் ஏர்லாக் கதவு திறந்து கிடக்கும். வெல்டிங் புகைக்காக யாரோ ஒரு தற்காலிக புளோயர் வைத்திருப்பார்; அதன் வாய் உங்கள் சாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சமையலறையில் மிளகாய் வறுத்தால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்தானே முதலில் இருமுகிறார்? உங்கள் பையன்கள் திண்ணையில் நின்றிருக்கிறார்கள். மேல் தளத்திலோ, அதே காற்றுப்பாதையிலோ வேறு ஒரு குழு எதையோ திறந்திருக்கிறது, அல்லது உலர்ந்த பரப்பில் கிரைண்டர் போட்டிருக்கிறது.

இது கற்பனைக் கதை இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் புரூஸ் நிலையத்தின் 1-ஆம் உலை, நம் கனநீர் உலைகளின் பெரிய அண்ணன் மாதிரியானது. 1997 முதல் நிறுத்தி வைத்திருந்த அதை மறுபடி ஓட்டுவதற்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். 2009 நவம்பரில் உலை அறைக்குள், குளிர்விப்பு நீரைக் கொண்டுசெல்லும் ஃபீடர் குழாய்களின் முனைகளைக் கிரைண்டரால் தேய்த்தபோது தூசி காற்றில் பரவியது. அங்கே எதிர்பார்த்ததும், கருவிகள் தேடியதும் பீட்டா, காமா கதிர்களைத்தான். அந்தத் தூசியில் ஆல்ஃபா கதிர் உமிழும் பொருளும் இருக்கிறது என்பது பின்னால்தான் தெரியவந்தது. உலை நீண்ட காலம் நின்றிருந்ததால் கோபால்ட் போன்றவற்றின் கதிரியக்கம் குறைந்துவிட்டது. பழைய எரிபொருள் சேதத்தில் வெளிவந்த நீண்ட ஆயுள் ஆல்ஃபா பொருள்கள் குறையாமல் அப்படியே இருந்தன. பீட்டா-காமாவுக்கும் ஆல்ஃபாவுக்கும் இருந்த பழைய விகிதத்தை நம்பிப் பாதுகாப்பைத் தீர்மானித்தால் இப்படித்தான் ஆகும். 500 பேருக்கு மேல் பரிசோதனை வளையத்துக்குள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போல ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். யாருக்கும் சட்ட வரம்பைத் தாண்டவில்லை என்று முடிந்தது உண்மைதான். ஆனால் கிரைண்டரைக் கையில் பிடித்தவர்கள் சிலர். அந்த அறையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஏராளம்.

ஆகவே கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவு ஒருபுறம், வேலைத் திட்டம் மறுபுறம், நடுவில் நாம் என்று நினைக்க வேண்டாம். ஷட்டவுனில் நான் பார்த்த மாசுப் பிரச்சினைகளில் பெரும்பகுதி வேலைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததால் வந்தவை. கையுறை போடத் தெரியாததால் வந்தவை குறைவு. அன்று உங்களை வெளியேற்றியவர் உங்கள் வேலையைக் கெடுக்க வரவில்லை. அதைக் கெடுத்தவர் மேலே இருந்தார். அவருக்கே அது தெரிந்திருக்காது.

சரி, என்ன செய்வது? காலையில் நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு உங்கள் நிறுவனத்தின் சார்பில் யார் போகிறார்கள்? ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் பெர்மிட் வாங்கும் பையனை அனுப்பிவைப்பார்கள். அவனும் ஓரமாக நின்று டீ குடித்துவிட்டு வருவான். நீங்களே போய் உட்காருங்கள். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்வதைவிட, அடுத்தவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள். எனக்கு மேல் தளத்தில் இன்று யார்? கீழே யார்? நான் வேலை செய்யும் அறையின் காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அந்த விசிறி இன்று ஓடுகிறதா? என் குழாயோடு இணைந்த வேறு எதையாவது யாராவது திறக்கிறார்களா, நீர் நிரப்புகிறார்களா, வடிக்கிறார்களா? வெல்டிங்கைக் கதிரால் படமெடுக்கும் ரேடியோகிராபி எப்போது, எந்தப் பகுதியைக் காலி செய்யச் சொல்வார்கள்? கூட்டத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நான்காம் நாள் அவர்களே உங்களைத் தேடி வந்து, ‘உன் வால்வை இன்று திறக்கிறாயா?’ என்று கேட்பார்கள்.

உங்கள் பக்கமிருந்தும் சொல்ல வேண்டியது உண்டு. நீங்கள் வால்வின் மேல்மூடியான பானட்டைத் திறக்கப்போகும் நேரத்தைக் கூட்டத்திலும் பாதுகாப்புப் பிரிவிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘இன்று திறப்போம்’ என்பதைவிட ‘பத்தரை மணிக்குத் திறப்போம்’ என்பது எவ்வளவோ மேல். அந்த நேரத்துக்குப் பாதுகாப்புப் பிரிவுக்காரர் ஆளோடும் கருவியோடும் வந்து நிற்பார், பரப்பைத் துடைத்து ஸ்வைப் எடுப்பார், காற்று மாதிரி எடுப்பார். இல்லாவிட்டால் நீங்கள் அவருக்காகக் காத்திருப்பீர்கள். பெர்மிட்டில் ‘நிறுத்தி அளந்து பிறகு தொடர்க’ என்று குறித்திருக்கும் கட்டங்களைப் பையன்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதியதில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

காத்திருப்பதன் விலையை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். உங்கள் இடத்தில் கதிர்வீச்சு அளவு மணிக்கு 0.5 மில்லிசீவர்ட் (டோஸை, அதாவது உடம்பு வாங்கும் கதிர்வீச்சை, அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் 40 நிமிடம் வேலை செய்தால் குழுவின் மொத்த டோஸ் 2 மில்லிசீவர்ட். சாரம் முடியவில்லை என்று அதே இடத்தில் 25 நிமிடம் சும்மா நின்றார்கள் என்றால் இன்னொரு 1.25. ஒரு போல்ட்கூடத் திரும்பாமல் செலவான டோஸ் இது. கூட்டத்தில் ‘எங்களுக்குச் சாரம் தாமதமாகிறது’ என்று குறைப்பட்டுக்கொண்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ‘சாரத் தாமதத்தால் நேற்று எங்கள் குழு இவ்வளவு டோஸ் வீணாக வாங்கியது’ என்று எண்ணோடு சொல்லிப் பாருங்கள், எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஷட்டவுனுக்கான மொத்த டோஸ் பட்ஜெட் நிலையத்தின் மேலதிகாரி தலைமேல் இருக்கிறது. அந்த மொழி அவருக்கு நன்றாகவே புரியும். அதோடு, காத்திருக்க நேர்ந்தால் பையன்களை டோஸ் குறைந்த மூலைக்கு நகர்த்துங்கள். அந்த மூலை எது என்று உள்ளே போகும் முன்பே பாதுகாப்புப் பிரிவினரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகவும் தேவையில்லை. முதல் அரை மணியில் இருவருக்குத்தான் வேலை என்றால் நால்வர் வெளியே கேஸ்கட் வெட்டட்டும்.

ரப்பர் ஸ்டேஷன் வரிசை விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஷிப்ட் தொடங்கும் நேரம், டீ நேரம், சாப்பாட்டு நேரம், முடியும் நேரம் என்று நான்கு வேளையும் எல்லாக் குழுக்களும் ஒரே வாசலில் மோதினால், அது நிலையத்தின் திட்டக் கோளாறு. குழுக்களின் நுழைவு நேரத்தை அரை மணி தள்ளித் தள்ளி வைத்தாலே பாதி வரிசை காணாமல் போகும். கூட்டத்தில் கேளுங்கள், உங்களுக்கு மட்டுமாவது மாற்றிக் கொடுப்பார்கள். ஆனால் அந்த வரிசையின் ஒரு பகுதியை நாமே உண்டாக்குகிறோம். மறந்துவிட்ட ஸ்பேனருக்காக ஒருவன் வெளியே வருவான். தண்ணீர் தாகம் என்று இன்னொருவன் வருவான். மூத்திரம் போக மூன்றாமவன் வருவான். ஒவ்வொருவனும் முழு உடையையும் கழற்றி, கை-கால் மானிட்டரில் நின்று, மறுபடி புதிய உடை மாட்ட வேண்டும். சாமான் பட்டியலை முந்தின நாளே சரிபார்ப்பது, உள்ளே போகும் முன் எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்புவது, வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது ஆகிய மூன்றும் எந்தக் கையேட்டிலும் பெரிய எழுத்தில் இருக்காது. இவற்றால் மிச்சமாகும் நேரத்தை வேறு எதிலும் பார்க்க முடியாது.

அவசரத்தில் உடை கழற்றும்போதுதான் மாசு தோலுக்கு வருகிறது, உள்ளே வேலை செய்யும்போது வருவதைவிட அதிகமாக. கழற்றும் வரிசை சுவரில் ஒட்டியிருக்கும். அதை அப்படியே பின்பற்றச் சொல்லுங்கள். எந்த நிலையமானாலும் அடிப்படை இதுதான்: வெளிக் கையுறை முன்பே போய்விட வேண்டும், ஓவர்ஆலின் வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்ட வேண்டும், ஷூ கவர் கழன்ற கால் சுத்தமான பக்கத்தில்தான் ஊன்ற வேண்டும், உள் கையுறை கடைசி. முகத்தைச் சொறியக் கை போகும். போகக் கூடாது. இதைச் சொல்லித் திருத்த முடியாது, பக்கத்தில் நின்று பார்த்துத்தான் திருத்த முடியும். முதல் இரண்டு மூன்று நாள் நீங்களே அங்கே நில்லுங்கள்.

கையில் கட்டிய கோயில் கயிறு, இடுப்புக் கயிறு, மோதிரம், கார்த்திகையில் வேலை என்றால் ஐயப்பன் மாலை, இவை பற்றியும் பையன்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நூலில் மாசு இறங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மானிட்டர் வாசலில் வைத்து வெட்டினால் அவனுக்கு மனசு உடைந்துபோகும். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னால் பிரச்சினை இல்லை. வாயில் ஹான்ஸ் அடக்கும் பழக்கம் உள்ளவர்கள் விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். மாசு உடம்புக்குள் போக அதைவிட நேரான வழி கிடையாது.

சாமான்களுக்கும் இதே கவனம் வேண்டும். அட்டைப்பெட்டி, தெர்மோகோல், கயிறு, மரப்பலகை எல்லாம் வெளியிலேயே நிற்கட்டும். உள்ளே போன அட்டைப்பெட்டி கதிரியக்கக் கழிவாகத்தான் வெளியே வரும். உறிஞ்சும் எதையும் துடைத்துச் சுத்தம் செய்ய முடியாது. கிரைண்டரை எடுக்கும் முன், வெட்டு முறையில் அல்லது ஈரத்தோடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் சுற்றிலும் கூடாரமும், தூசியை அந்த இடத்திலேயே இழுத்து வடிகட்டும் கருவியும் வேண்டும் என்று பெர்மிட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். திறந்த குழாய் வாயை ஒரு நிமிடம்கூட மூடாமல் விடாதீர்கள். உள்ளே போகும் ஒவ்வொரு துணித் துண்டும், நட்டும், கணக்கில் வர வேண்டும். குழாய்க்குள் மறந்துபோன துணி எங்கே போய் அடைக்கும் என்று அனல்மின் நிலையக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கனநீர் உலையில் உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது டிரிட்டியம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கனநீரில் உள்ள கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியம் நியூட்ரானைப் பிடித்துக்கொண்டால் கதிரியக்கமுள்ள டிரிட்டியம். அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். அதன் பீட்டா கதிர் மிகவும் பலவீனமானது. தோலின் மேல் படலத்தையே தாண்டாது. அதனாலேயே டோஸைப் பதியும் உங்கள் டிஎல்டி பேட்ஜும் கை-கால் மானிட்டரும் அதைக் காட்டாது. ஆனால் அது நீராவி. மூச்சில் போகும், தோல் வழியாகவும் போகும். உடம்பில் ஏறுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோல் வழிதான். ஆகவே தூசி வடிகட்டும் முகமூடி இதற்கு உதவாது. காற்று ஊட்டும் பிளாஸ்டிக் சூட் போடச் சொன்னால், ‘ஐந்து நிமிட வேலைதானே’ என்று தட்டிக்கழிக்க வேண்டாம். அதற்குள் வியர்த்து ஊற்றும், பேச முடியாது, காற்றுக் குழாய் சிக்கும். அதனால் சூட் போட்டுச் செய்யும் வேலையை வெளியே ஒரு பழைய வால்வில் ஒத்திகை பார்த்துவிட்டு உள்ளே போங்கள். வேலை முடிந்ததும் சிறுநீர் மாதிரி கொடுப்பதைப் பையன்கள் கேலியாக நினைப்பார்கள். டிரிட்டியத்தைப் பிடிக்க அதுதான் வழி. 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா நிலையத்தில் யாரோ வேண்டுமென்றே குடிநீர்க் குளிர்விப்பானில் டிரிட்டியம் கலந்த நீரைச் சேர்த்த விவகாரம் வெளிப்பட்டதே வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனையில்தான். உடம்பில் ஏறிய டிரிட்டியத்தில் பாதி சுமார் 10 நாளில் வெளியேறும். நிறையத் தண்ணீர், மோர் குடித்தால் இன்னும் சீக்கிரம்.

வால்வு வேலையில் டிரிட்டியம் எப்போது முகத்தில் அடிக்கும்? குழாய் வடிந்துவிட்டது என்று டேக் சொல்லும், ஆனால் மூடிய இரண்டு வால்வுகளுக்கு நடுவிலும், பானட்டின் குழியிலும் நீர் தங்கியிருக்கும். அனல்மின் நிலையத்தில் கற்றதை இங்கே மறக்க வேண்டாம். உங்களுக்கு எதிர்ப்பக்கத்து நட்டை முதலில் கொஞ்சம் தளர்த்துங்கள், முழுவதும் கழற்றாமல் பானட்டை அசைத்து விடுங்கள், கீழே தட்டு இருக்கட்டும், வடியும் நீரை மூடியுள்ள பாத்திரத்தில் பிடியுங்கள். தரையில் சிந்தினால் ஆவியாகி அறை முழுவதும் டிரிட்டியம். கனநீரின் விலையும் உங்கள் முதலாளிக்குத் தெரிந்தால் போனிலேயே மயங்கிவிடுவார். சிறிய சிந்தல் மட்டும்தான் நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 1999 மார்ச்சில் கல்பாக்கத்தின் 2-ஆம் உலையில், நிறுத்தத்தின்போது குளிர்விப்புக் குழாய்ப் பரிசோதனை நடந்துகொண்டிருக்கையில் அடைப்பான் ஒன்று நழுவி, கனநீர் டன் கணக்கில் கொட்டியது. அதை அள்ளிச் சேகரிக்கத் தொழிலாளர்கள் உள்ளே இறங்க வேண்டியிருந்தது.

முதலாளி விஷயத்துக்கு வருவோம். உங்கள் வால்வு வேலை ஷட்டவுனின் நீளத்தைத் தீர்மானிக்கும் பாதையில் இருக்கிறதா என்று திட்டப் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் எத்தனை நாள் அவகாசம் உண்டு என்று எழுத்தில் வாங்கி முதலாளிக்கு அனுப்புங்கள். பல ஒப்பந்தக்காரர்கள் தங்கள் வேலைக்கு மூன்று நாள் இடைவெளி இருப்பது தெரியாமலே பையன்களை விரட்டுகிறார்கள். சத்தம் குறையும். குறையாவிட்டால் அமெரிக்காவின் வோக்டில் கதையைச் சொல்லுங்கள்.

1990 மார்ச் 20, ஜார்ஜியா மாநிலம். வோக்டில் நிலையத்தின் 1-ஆம் உலை எரிபொருள் மாற்றும் நிறுத்தத்தில் இருந்தது. உலைக்குள் நீர்மட்டத்தை வேலைக்காகக் குறைத்து வைத்திருந்தார்கள். அவசர டீசல் ஜெனரேட்டர் இரண்டில் ஒன்று பிரித்துப் போட்ட நிலையில். ஒரு மின்மாற்றியும் பராமரிப்பில். அப்போது ஸ்விட்ச்யார்டுக்குள் எரிபொருளும் எண்ணெயும் கொண்டுவந்த ஒரு லாரி பின்னால் வந்து ஒரு கம்பத்தில் இடித்தது. வெளி மின்சாரம் போனது. மிச்சமிருந்த டீசல் ஓடத் தொடங்கி நின்றுவிட்டது. 36 நிமிடம் முக்கியமான சாதனங்களுக்கு மின்சாரம் இல்லை. நிறுத்தப்பட்ட உலையின் நீர் சுமார் 32 டிகிரி செல்சியஸிலிருந்து 58 டிகிரிக்கு ஏறியது. அதற்குள் மின்சாரம் மீண்டதால் பெரிய கேடு இல்லை. இதில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே பார்த்தால் அனுமதி உண்டு, காரணம் உண்டு. அவை எல்லாம் ஒரே காலையில் கூடி நின்றதை ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. லாரி ஓட்டுநருக்கு உள்ளே டீசல் பிரிந்து கிடப்பது எப்படித் தெரியும்?

இன்னொன்று. உங்களுக்குப் பழக்கமான டர்பைன் கட்டடம் பக்கம் வேலை வந்தால் ‘இங்கே கதிர்வீச்சு இல்லை’ என்று மூச்சை இறக்கி வைத்துவிடாதீர்கள். 2004 ஆகஸ்ட் 9 அன்று ஜப்பானின் மிஹாமா 3-ஆம் உலையில், வரவிருந்த ஷட்டவுனுக்குச் சாமான்களை முன்கூட்டியே இறக்கி வைக்க ஒப்பந்தத் தொழிலாளர்கள் டர்பைன் கட்டடத்துக்குள் போயிருந்தார்கள். உலை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளாக யாரும் தடிமனை அளக்காத ஒரு குழாய் வெடித்து வெந்நீரும் நீராவியும் பீறிட்டன. ஐந்து பேர் இறந்தார்கள். கதிரியக்கம் துளியும் இல்லாத நீராவி. ஷட்டவுனுக்கு ஆயத்தம் என்ற பெயரில் உலை ஓடும்போதே உள்ளே அனுப்பினால், எந்தக் குழாய் உயிரோடு இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

டோஸ் வரம்பு பற்றியும் பையன்கள் மனதில் பயம் இருக்கும். வெளியே சொல்ல மாட்டார்கள். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருப்பது ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. நிலையத்தின் உள்வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கும். உங்கள் நிலையத்தின் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். உள்வரம்பை எட்டினால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், கூலி போய்விடும் என்று பயந்து பேட்ஜைக் கழற்றி வைக்கும் ஆட்களும் உண்டு. இதற்கு உங்களிடம் இடம் இருக்கக் கூடாது. அதே சமயம் நிறுத்தப்பட்டவனுக்கு வெளியே வேறு வேலை கொடுத்து அதே கூலி தர வேண்டும் என்று முதலாளியிடம் ஷட்டவுன் தொடங்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கூலிக்கு உறுதி இருந்தால் யாரும் பேட்ஜைக் கழற்ற மாட்டார்கள். ஒவ்வொருவருடைய டோஸும் அவர் பெயரில் தேசிய அளவில் பதிவாகிறது. வேறு நிலையத்துக்குப் போனாலும் கணக்கு தொடரும். ஊருக்குத் திரும்பும் முன் அவரவர் டோஸை எழுத்தில் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

வீட்டில் என்ன சொல்வது? காமா கதிர் பட்ட உடம்பு அடுத்தவருக்குக் கதிர் வீசாது. குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம். பயப்பட வேண்டியது ஒட்டும் மாசுக்குத்தான். அதற்காகத்தான் மண்டலத்துக்கு மண்டலம் மானிட்டரும், கடைசி வாசலில் முழு உடம்பையும் பார்க்கும் போர்ட்டல் மானிட்டரும். அது அலறினால் ஓடவோ மறைக்கவோ வேண்டாம், நின்ற இடத்திலேயே நின்று கூப்பிடச் சொல்லுங்கள். அளந்து எழுதிய பிறகுதான் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான நீரும் சாதாரண சோப்பும் போதும். தோல் சிவக்கத் தேய்த்தால் மாசு உள்ளே இறங்க வழி செய்துகொடுக்கிறோம். கீறலோ புண்ணோ இருந்தால் வேலைக்கு முன்பே காட்ட வேண்டும். சில சமயம் அலறலுக்குக் காரணம் நிலையமாகவே இருக்காது. பாலியஸ்டர் சட்டையில், காற்றில் இயற்கையாகவே உள்ள ரேடான் வாயுவின் கதிரியக்க வழித்தோன்றல்கள் ஒட்டிக்கொண்டு மானிட்டரைக் கத்த வைக்கும். கொஞ்ச நேரம் கழித்து அளந்தால் குறைந்து போயிருக்கும். சமீபத்தில் மருத்துவமனையில் அணு ஸ்கேன் எடுத்தவனும் அலற வைப்பான். முன்பே சொல்லிவிட்டால் வம்பில்லை. இந்த வாசலைத் தாண்டி வந்தவன் ஓவர்ஆலும் ஷூவும் அங்கேயே விட்டு, குளித்து, தன் சொந்தத் துணியில்தான் வீட்டுக்கு வருகிறான் என்று மனைவியிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

கூடங்குளம் வேறு மாதிரி. அங்கே ஓடுபவை விவிஇஆர் என்ற ரஷ்ய வடிவமைப்பு உலைகள், சாதாரண நீரில் இயங்குபவை. கனநீர் உலைகளில் ஓட ஓடவே எரிபொருளை மாற்றிவிடலாம். இங்கே உலையை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, நீருக்கடியில்தான் மாற்ற முடியும். உலைக்குள் 163 எரிபொருள் கற்றைகள். கனநீர் இல்லாததால் டிரிட்டியத் தொல்லை மிகவும் குறைவு. பிளாஸ்டிக் சூட் வேர்வை பெரும்பாலும் மிச்சம். அதற்குப் பதிலாக, திறந்த உலைக்கு மேலே எதுவும் தவறி விழக் கூடாது என்பதில் அங்கே கெடுபிடி அதிகமாக இருக்கும். சட்டைப்பை தைத்து மூடியிருக்கும், கண்ணாடிக்குக் கயிறு கட்டச் சொல்வார்கள், கொண்டுபோகும் ஒவ்வொரு சாமானும் வாசலில் எழுதி, வரும்போது எண்ணப்படும். முதல் நாளே கதிரியக்க ஐயோடின் பற்றியும் கேளுங்கள். எரிபொருளில் எங்காவது சிறு கசிவு இருந்தால் மூடி திறக்கும் நாள்களில் அது காற்றில் வரும், எட்டு நாளில் பாதியாகிவிடும். அங்கே சேரும் முன்பும் கிளம்பும் முன்பும் பையன்கள் எல்லோருக்கும், உடம்புக்குள் ஏறிய கதிரியக்கத்தை அளக்கும் முழு உடல் எண்ணிக்கைச் சோதனை நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேரும் முன் எடுப்பதை அவசரத்தில் தள்ளிப்போட விடாதீர்கள். அந்த எண் கையில் இல்லாவிட்டால், பின்னால் ஏதாவது தெரியவரும்போது அது எந்த நிலையத்தில் ஏறியது என்று உங்களால் நிரூபிக்க முடியாது.